இரவு ஜாப்களுக்கும் பெரட்டு வேண்டும்

மலேசியாவின் தெலுக் இந்தானில் ஒரு செம்பனைத் தோட்டக் குழுமத்தின் வட்டார அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக் கிராணியாக (எழுத்தராக) இருக்கும் நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாக இப்படி எடுத்துக்கொள்கிறேன். எடைமேடைச் சீட்டுகளைக் கணக்கில் ஏற்றுவது, சம்பளக் கணக்கு, மின்-விலைப்பட்டியல் அனுப்புவது எனப் பதினான்கு வேலைகள் உங்கள் மென்பொருளில் இரவு நேரத்தில் தாமாகவே ஓடுகின்றன. அவற்றை அமைத்துக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். சில நாள்களில் இந்த வேலைகளில் ஒன்று, அதாவது ஒரு ஜாப், ஓடாமலே போகிறது, சில நாள்களில் ஒன்று இரண்டு முறை ஓடிவிடுகிறது, திரையிலோ எல்லாம் பச்சை நிறத்தில் ‘முடிந்தது’ என்றே காட்டுகிறது. கணினி படிக்காத நீங்கள் இவற்றை எப்படிக் கட்டி மேய்ப்பது?

நான் ஆலைக் கிராணியாகத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வட்டாரத்திலேயே தோட்டக் கணக்கு மென்பொருள்களைப் பார்த்துக்கொண்டிருப்பவன். கணினி படிக்கவில்லை என்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள்; இந்த வேலைக்கு அது பெரிய குறை அன்று. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டு எதற்காக வைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வராதவர் யார் என்று கண்டுகொள்ள வேண்டும், வந்தவரை எந்தக் காட்டுக்கு அனுப்பினோம் என்று எழுதிவைக்க வேண்டும், மாலையில் அவர் எத்தனை குலை வெட்டினார் என்பதைச் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே குறிக்க வேண்டும். இரவு ஜாப்களிடமும் கேட்க வேண்டியவை இந்த மூன்றுதாம். மென்பொருள் இரண்டாவது கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்லும், முதல் கேள்விக்கு அரைகுறையாகச் சொல்லும், மூன்றாவதை யாராவது தனியாக அமைத்துக் கொடுத்தாலன்றித் தொடவே தொடாது. உங்கள் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த மூன்றாவதில்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

‘முடிந்தது’ என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். எஸ்ஏபி (SAP) என்ற நிறுவனக் கணக்கு மென்பொருளில் ஒரு ஜாப் ஆறு நிலைகளில் ஏதாவது ஒன்றில் இருக்கும்: திட்டமிடப்பட்டது, விடுவிக்கப்பட்டது, தயார், ஓடுகிறது, முடிந்தது, ரத்தானது. எஸ்எம்36 என்ற திரையில் ஜாப்பை அமைப்பார்கள், எஸ்எம்37 என்ற திரையில் அதன் நிலையைப் பார்ப்பார்கள். மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் போன்ற மற்ற மென்பொருள்களிலும் பெயர்கள்தாம் கொஞ்சம் மாறும். எதுவாக இருந்தாலும், ‘முடிந்தது’ என்பதற்கு அந்த நிரல் இடையில் இடறி விழாமல் தன் கடைசி வரி வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்பது மட்டுமே பொருள். காட்டுக்குப் போன வெட்டுக்காரர் மாலையில் முழு உடம்போடு திரும்பி வந்தார் என்பதைப் போன்றது அது. குலைக் கணக்கு வேறு. இன்னொரு சொல்லிலும் ஏமாறுகிறார்கள். ‘திட்டமிடப்பட்டது’ என்று இருந்தால் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது என்று தோன்றும், ஆனால் எஸ்ஏபியில் அந்த நிலையில் இருக்கும் ஜாப் விடுவிக்கப்படும் வரைக்கும் ஓடவே ஓடாது. விடுவிக்கும் அதிகாரம் இல்லாத ஒருவர் ஜாப்பை அமைத்துச் சேமித்துவிட்டு, இன்று ஓடும் நாளை ஓடும் என்று ஒரு வாரம் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பச்சை நிறத்தை நம்பி நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆலையில் ஒருநாள் 43 லோரிகள் பழம் இறக்கின. எடைமேடைக் கணினியில் 43 சீட்டுகள் இருந்தன. இரவு ஜாப் ஓடி, பச்சையில் முடிந்து, 41 சீட்டுகளைப் பேரேட்டில் ஏற்றியது. மீதி இரண்டும் ஒரே லோரியின் இரண்டு நடைகள், 8,640 கிலோவும் 7,910 கிலோவும். எடைமேடையில் இருந்தவர் லோரி எண்ணில் பூஜ்ஜியத்துக்குப் பதிலாக ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தட்டிவிட்டார். லோரிப் பட்டியலில் அப்படி ஓர் எண் இல்லாததால் நிரல் அந்த இரண்டு சீட்டுகளையும் தாண்டிக்கொண்டு போய், லாகில் (ஓட்டக் குறிப்பேட்டில்) நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே இரண்டு வரி எழுதிவைத்துவிட்டு, நல்ல பிள்ளையாக முடிந்துவிட்டது. அடுத்த மாதம் குத்தகைக்காரர் கார்பன் நகலோடு வந்து, என்னுடைய 16 டன் பழத்துக்குக் காசு எங்கே என்று கேட்ட போதுதான் எங்களுக்கே தெரிந்தது. அவரிடம் கார்பன் நகல் இல்லாதிருந்தால் இன்றைக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே ஒவ்வொரு ஜாப்பிடமும் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது எண்ணிக்கை. எத்தனை வந்தன, எத்தனை ஏறின, எத்தனை நின்றன, இரு பக்கத்துக் கூட்டுத்தொகையும் ஒன்றா? இந்தக் கணக்கை ஜாப்பே சொல்லக் கூடாது என்பது என் கருத்து, ஏனென்றால் தவறு செய்தவரையே சாட்சிக்கு அழைத்த கதையாகிவிடும். எடைமேடைத் தரவிலிருந்து நேராக ஓர் எண்ணிக்கை, பேரேட்டிலிருந்து நேராக ஓர் எண்ணிக்கை, இரண்டையும் ஒப்பிட்டு ஒரு வரி எழுதும் சிறிய வேலை ஒன்றைத் தனியாக அமைக்கச் சொல்லுங்கள். காலை 5.30க்கு உங்கள் கைத்தொலைபேசியில் ‘நேற்று: சீட்டு 43, ஏறியது 41, நின்றது 2, எடை வித்தியாசம் 16,550 கிலோ’ என்று ஒரு வரி வந்தால் போதும். லாக் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. நின்ற சீட்டுகள் எங்காவது ஒரு பட்டியலில் காரணத்தோடு நிற்க வேண்டும், அந்தப் பட்டியலை யார் காலையில் பார்ப்பார் என்று ஒரு பெயர் இருக்க வேண்டும்.

ஒரு சீட்டு கெட்டிருந்தால் மற்ற 42ஐயும் நிறுத்தலாமா என்று கேட்பீர்கள். எடைச் சீட்டில் நிறுத்தக் கூடாது, ஒவ்வொரு சீட்டும் தனி நடை. சம்பளப் பதிவில் நிறுத்தத்தான் வேண்டும். 200 பேரில் 180 பேருக்கு மட்டும் ஏறிய சம்பளப் பேரேட்டைச் சரிசெய்வதைவிட, ஒன்றுமே ஏறாத பேரேட்டை முதலிலிருந்து ஓட்டுவது எவ்வளவோ மேல்.

இனி, வராதவரைப் பற்றிப் பார்ப்போம். பெரும்பாலான இடங்களில் ‘ஜாப் தோற்றால் மின்னஞ்சல் அனுப்பு’ என்று அமைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஓடித் தோற்ற ஜாப்தான் மின்னஞ்சல் அனுப்பும், ஓடாத ஜாப் யாருக்கு எழுதும்? மின்னஞ்சலே போய்ச் சேராமலும் இருக்கலாம். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையத் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டபோது, தினசரி நகல் எடுக்கும் ஜாப்பைத் தேடினார்கள். தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பாக இருக்க, நகல் எடுக்கும் கருவி 9.2ஆம் பதிப்பாக ஓடியதால் ஜாப் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களை, அவற்றைப் பெற வேண்டிய சர்வரே நம்பகமற்றவை என்று தள்ளிவிட்டிருந்தது. ஏறத்தாழ 6 மணி நேரத் தரவு திரும்பக் கிடைக்கவில்லை. நடந்ததை அந்த நிறுவனமே மறைக்காமல் எழுதி வெளியிட்டது. அவ்வளவு பெரிய கெட்டிக்காரர்களுக்கே இந்தக் கதி என்றால், நம் அலுவலகத்து மின்னஞ்சலை நம்பி உட்கார்ந்திருப்பது எந்த வகையில் சரி?

ஆகவே ஏற்பாட்டைத் தலைகீழாக வையுங்கள். நல்லபடியாக முடிந்தால் செய்தி வரட்டும், 5.30க்கு வர வேண்டிய செய்தி 6 மணி வரைக்கும் வராவிட்டால் அதுவே அபாய மணி. அந்தச் செய்தியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பொறுப்பு, ஜாப் ஓடும் அதே கணினியில் இருக்கக் கூடாது; இடி இடித்து மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும். தோட்டப் பட்டணங்களில் சாயங்கால இடியும் மழையும் எவ்வளவு சகஜம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஓடாமல் போவதற்கான காரணங்களில், நம்மைப் போன்ற அலுவலகங்களில் நான் திரும்பத் திரும்பக் கண்டவை மிகச் சாதாரணமானவை. எடைமேடைக் கணினியில் குறித்த நேரத்தில் ஜாப்களைத் தொடங்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் இருந்தால் அதைத் திறந்து நான்கு இடங்களைப் பாருங்கள். பயனர் உள்நுழைந்திருக்கும்போது மட்டுமே ஓடு என்பது அதில் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். இரவில் கணக்கை மூடிவிட்டு வீட்டுக்குப் போனால் ஜாப்பும் வீட்டுக்குப் போய்விடும். மின்சார இணைப்பில் இருந்தால்தான் தொடங்கு என்பதும் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். மடிக்கணினியில் இது வலை விரித்து வைத்ததைப் போல. தவறிய நேரத்துக்கு ஈடாக முடிந்தவரை சீக்கிரம் ஓடு என்பது தேர்வாகியிருக்காது. ஆகவே 2 மணிக்குக் கணினி அணைந்திருந்தால் அன்றைய ஓட்டம் போனது போனதுதான். முந்தைய ஓட்டம் முடியாதபோது புதிதாக ஒன்றைத் தொடங்காதே என்பது முன்கூட்டியே சரியாக இருக்கும், அதை யாராவது மாற்றிவைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். லினக்ஸ் சர்வர்களில் அதே வேலையைச் செய்யும் கிரானும் தவறிய நேரத்தை மறந்துவிடும் குணமுடையது. அதோடு, மாதத்தின் 1ஆம் தேதி, திங்கட்கிழமை என்று இரண்டையும் சேர்த்து எழுதினால், 1ஆம் தேதி திங்களாக வந்தால் மட்டும் ஓடும் என்று நாம் நினைப்போம். அதுவோ ஒவ்வொரு 1ஆம் தேதியும் ஓடும், ஒவ்வொரு திங்களும் ஓடும். உங்கள் ‘இரண்டு முறை’ நோய்க்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது, ஜாப் யார் பெயரில் ஓடுகிறது என்பது. விலகிப் போனவரின் சொந்தப் பயனர் பெயரில் அவர் ஜாப்களை அமைத்திருந்தால், மனிதவளப் பிரிவு அந்தப் பெயரைப் பூட்டும் நாளில் ஜாப்களும் ஒவ்வொன்றாக நிற்கும். பூட்டாவிட்டாலும் கடவுச்சொல் காலாவதியாகும் இடங்களில் ஒருநாள் நிற்கும். தீபாவளி விடுமுறையில் எல்லாரும் ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில்தான் அது நிற்கும் என்பது என் அனுபவம், காரணம் கேட்காதீர்கள். ஆள் அல்லாத தனிப் பயனர் ஒன்றை ஜாப்களுக்கென்றே உருவாக்கச் சொல்லுங்கள். எஸ்ஏபியில் இதற்கென்றே கடவுச்சொல் காலாவதியாகாத ‘சிஸ்டம்’ வகைப் பயனர் உண்டு. அந்தப் பெயருக்குத் தேவையான அதிகாரம் மட்டும் இருக்கட்டும். நிர்வாகியின் முழு அதிகாரத்தையும் தூக்கிக் கொடுப்பது சோம்பேறித்தனம்.

இரண்டு முறை ஓடும் சிக்கலுக்கு வருகிறேன். இதில்தான் மக்களுக்கு நேரடியாக வலிக்கும். ஒரு தோட்ட அலுவலகத்தில் மாத நடுவில் கொடுத்த முன்பணத்தைச் சம்பளத்தில் கழிக்கும் ஜாப் ஓடிக்கொண்டிருந்தபோது திரை உறைந்துவிட்டது. உட்கார்ந்திருந்த பெண் பயந்துபோய் மீண்டும் ஒருமுறை பொத்தானை அழுத்தினார். திரைதான் உறைந்திருந்தது, பின்னால் சர்வரில் ஜாப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு ஓட்டங்களும் முடிந்தன, இரண்டும் பச்சை. 61 பேருக்குத் தலா 200 ரிங்கிட் இரண்டு தடவை கழிந்துவிட்டது. சம்பளத்தன்று மாலையில் சம்பளச் சீட்டை மடித்துப் பிடித்தபடி அவர்கள் அலுவலக வாசலில் நின்றார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. வரிசையில் முன்னால் நின்ற அம்மா ஒருவர் விரலால் அந்த இரண்டு வரிகளையும் தொட்டுக் காட்டி, ‘ஐயா, நான் ஒரு தடவதானே வாங்கினேன்?’ என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. திரை உறைந்தால் யாரும் அழுத்தத்தான் செய்வார்கள். ஒரு ஜாப்பை எத்தனை முறை ஓட்டினாலும் ஒரு முறை ஓட்டிய விளைவே வரும்படி அமைப்பதுதான் வழி. அதற்கு மந்திரம் ஒன்றுமில்லை. தொழிலாளர் எண், மாதம், கழிவின் வகை ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரே ஒரு வரியாகத்தான் இருக்க முடியும் என்று தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு வைத்துவிட்டால், இரண்டாவது ஓட்டம் ‘ஏற்கெனவே உள்ளது’ என்று சொல்லித் தானாக விலகிவிடும். எடைச் சீட்டுக்கு ஆலைக் குறியீடும் சீட்டு எண்ணும். விலைப்பட்டியலுக்கு விலைப்பட்டியல் எண். இதைச் செய்யச் சொல்லி மென்பொருள்காரரிடம் கேட்கும்போது, ‘இந்த ஜாப்பை நான் இப்போதே மறுபடியும் ஓட்டினால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். தயங்காமல் ‘ஒன்றும் ஆகாது’ என்று பதில் வர வேண்டும். ‘ஐயோ, ஓட்டிவிடாதீர்கள்’ என்று பதறினால், அந்த ஜாப் இன்னும் முழுதாக எழுதி முடிக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறு ஓட்டத்தோடு ஒட்டிய இன்னொன்று தேதி. பல ஜாப்கள் ‘இன்றைய தேதி’ என்பதைச் சர்வரிடம் கேட்டு அதன்படி நடக்கின்றன. வெள்ளிக்கிழமைக் கணக்கை எடுக்க வேண்டிய ஜாப் தோற்று, அதைத் திங்கட்கிழமை ஓட்டினால், அது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமையை அப்படியே விட்டுவிடும். எந்தக் கணக்கு நாளுக்காக ஓட வேண்டும் என்பதை வெளியிலிருந்து கொடுக்கும்படி ஜாப் இருக்க வேண்டும், கொடுக்காதபோது மட்டும் அது தானாக நேற்றைய நாளை எடுத்துக்கொள்ளட்டும். கணக்கு நாள் என்று நான் சொல்வது நாள்காட்டித் தேதி அன்று. செம்பனைப் பழத்தை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேகவைத்துவிட வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். ஆகவே மகசூல் மிகும் மாதங்களில் லோரிகள் நள்ளிரவு தாண்டியும் வரும். 12.40க்கு எடைபோட்ட லோரி எந்த நாளுக்குச் சேரும்? ஆலை மேலாளர் முந்தைய நாளின் ஷிப்ட் என்பார், மென்பொருள் அடுத்த நாள் என்னும். இதைக் கணினிக்காரர் முடிவு செய்யக் கூடாது. கணக்குப் பிரிவில் நீங்கள் எழுத்தில் முடிவு செய்து கொடுக்க வேண்டியது இது.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது, உங்கள் ஊரில் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தின் கடிகாரம் ஒரு நேரத்தைக் காட்ட, உங்கள் சர்வருக்குள் வேறு நேரம் இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். மேகக் கணினியில் வாடகைக்கு எடுத்த சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இயங்கும். நம் நேரம் அதற்கு 8 மணி நேரம் முன்னால். (1981 வரைக்கும் தீபகற்பத்தில் ஏழரை மணிதான், 1982 பிறந்தபோது அரை மணி கூட்டினார்கள்.) அதிகாலை 2 மணிக்கு என்று அங்கே அமைத்த ஜாப் இங்கே காலை 10 மணிக்கு, நீங்கள் எல்லாரும் மும்முரமாக வேலை செய்யும்போது ஓடி, மென்பொருளை நத்தையாக்கும். அதைவிட மோசமானது மாத முடிவு. மார்ச் 1 அதிகாலை 2 மணிக்கு இங்கே ஓடும் ஜாப் சர்வரிடம் தேதியைக் கேட்டால், அது இன்னும் பிப்ரவரிக் கடைசி நாள் மாலை 6 மணியில் இருக்கும். ‘கடந்த மாதக் கணக்கை எடு’ என்று நிரலில் எழுதியிருந்தால் பிப்ரவரியை விட்டுவிட்டு ஜனவரியை எடுக்கும். பச்சையாகவே முடியும்.

ஜாப்களின் வரிசையைக் கடிகாரத்தை நம்பி அமைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். 1 மணிக்கு எடைச் சீட்டு, 1.30க்கு இருப்பு, 2 மணிக்கு விலை, 3 மணிக்குப் பேரேடு என்று இடைவெளி விட்டு வைப்பது வழக்கம். அமைத்த நாளில் எடைச் சீட்டு ஜாப் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். சில ஆண்டுகளில் தரவு பெருகி, மகசூல் உச்சமான ஒரு மாதத்தில் அது 35 நிமிடம் எடுக்கும், 1.30க்கு இருப்பு ஜாப் பாதிச் சீட்டுகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகும். முன்னது நல்லபடி முடிந்தால் மட்டுமே பின்னது தொடங்கும் என்று சங்கிலியாகக் கோர்க்க வேண்டும். எஸ்ஏபியில் முந்தைய ஜாப்புக்குப் பின் தொடங்கு என்பதோடு, அது ரத்தாகாமல் முடிந்தால் மட்டும் என்ற தேர்வும் உண்டு. அந்தத் தேர்வை மறந்துவிடுகிறார்கள். இந்த நேரத்துக்குப் பிறகு தொடங்காதே என்ற வரம்பும் அதே இடத்தில் இருக்கிறது. காலை 7 மணிக்கு மேல் தொடங்கிவிடக் கூடாத கனமான ஜாப்களுக்கு அதைப் போடுங்கள்.

மின்-விலைப்பட்டியல் தனிச் சாதி. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வோய்ஸ் தளத்துக்கு ஒரே தடவையில் அதிகபட்சம் 100 ஆவணங்கள் அனுப்பலாம், மொத்தம் 5 எம்பிக்குள் இருக்க வேண்டும். அனுப்பியவுடன் வரும் பதில், பெற்றுக்கொண்டோம் என்பது மட்டுமே. செல்லுமா செல்லாதா என்ற சரிபார்ப்பின் முடிவைப் பிறகு மீண்டும் கேட்டுத்தான் அறிய வேண்டும். அனுப்பும் ஜாப் பச்சையில் முடிந்திருக்க, விலைப்பட்டியல் அங்கே செல்லாது என்று கிடப்பது ஆகவே மிக இயல்பு. அனுப்பும் ஜாப் ஒன்று, முடிவைக் கேட்டு வரும் ஜாப் ஒன்று என இரண்டு வேண்டும். அனுப்பியவை, பெறப்பட்டவை, செல்லுபடியானவை ஆகிய மூன்று எண்களையும் உங்கள் காலைச் செய்தியில் சேருங்கள். இணையம் நடுவில் அறுந்து பதிலே வராவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பாமல், முதலில் அங்கே அந்த எண் இருக்கிறதா என்று கேட்கும்படி அந்த ஜாப் இருக்க வேண்டும். செல்லுபடியான நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம் என்பதால், வெள்ளிக்கிழமை இரவில் நேர்ந்த தவறைத் திங்கட்கிழமை மதியம் சாவகாசமாகக் கண்டுபிடித்தால் கையில் மிஞ்சுவது சில மணி நேரமே.

எந்த ஜாப்புக்காக உங்களை நள்ளிரவில் எழுப்பலாம் என்பதை நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். மாதத் தொகுப்பு மின்-விலைப்பட்டியலுக்கும் மாதம் முடிந்து 7 நாள்தான். சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), மாதாந்திர வருமான வரிக் கழிவு மூன்றும் 15ஆம் தேதிக்குள். ஆகவே முதல் வாரத்தில் சம்பள ஜாப்பும் தொகுப்பு ஜாப்பும் ஒரே சர்வரில் முட்டி மோதும், அந்த வாரத்தில் சம்பளத்துக்கே முதலிடம். எஸ்ஏபியில் ஜாப்களின் முன்னுரிமைக்கு ஏ, பி, சி என்று மூன்று வகுப்புகள் உள்ளன, எதுவும் சொல்லாவிட்டால் எல்லாம் சியில்தான் விழும். எல்லா ஜாப்பையும் ஏயில் போட்டுவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். எல்லாரும் துரை என்றால் காட்டு வேலையை யார் பார்ப்பது? மகசூல் அறிக்கை, மீதி அறிக்கைகள் எல்லாம் காலை வரைக்கும் காத்திருக்கட்டும், அவற்றுக்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

அமைப்பில் கைவைக்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். பிரிட்டனில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில் 2012 ஜூன் மாதம் இரவு ஜாப்களை வரிசைப்படுத்தும் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். சிக்கல் தெரிந்ததும், பழைய பதிப்போடு புதியது ஒத்துப்போகாது என்பதைச் சோதித்துப் பார்க்காமலே புதியதைக் கழற்றினார்கள். கணக்கு இருப்புகள் புதுப்பிக்கப்படாமல் நின்றன. 65 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், சம்பளம் வராதவர்களும் அவர்களில் இருந்தார்கள். 2014 நவம்பரில் அந்நாட்டின் இரண்டு நிதிக் கண்காணிப்பு அமைப்புகளும் சேர்ந்து 5 கோடியே 60 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தன. நம் அளவில் இதற்குப் பொருள் ஒன்றுதான்: மாற்றத்தை மாதத்தின் 18 தேதியிலிருந்து 25 தேதிக்குள் செய்யுங்கள், ஒரே இரவில் ஒரு ஜாப்பை மட்டும் மாற்றுங்கள், பழைய நிலைக்குத் திரும்பும் வழியையும் முன்கூட்டியே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

இப்போதைக்கு ஒரு நீள நோட்டுப் புத்தகம் வாங்கி, பதினான்கு ஜாப்களுக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், எதற்காக ஓடுகிறது, நம் நேரப்படி எப்போது, யார் பெயரில், எதை எடுத்து எங்கே வைக்கிறது, வழக்கமாக எத்தனை நிமிடம், நின்றால் யாரைக் கூப்பிடுவது, மறுபடி ஓட்டலாமா கூடாதா என்பதை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள். கணினியிலேயே வைத்தால் என்ன என்று கேட்பார்கள். கணினி படுத்த அன்றைக்குத்தான் அந்தப் பக்கம் தேவைப்படும். வழக்கமான நிமிடக் கணக்கை அலட்சியமாக விடாதீர்கள். 12 நிமிடத்தில் முடியும் ஜாப் ஒருநாள் 12 விநாடியில் முடிந்தால், அதற்கு வேலையே கிடைக்கவில்லை என்று பொருள், கோப்பு வந்து சேராமல் இருந்திருக்கும்.

எழுதிக்கொண்டே போகும்போது இரண்டு மூன்று ஜாப்களின் பக்கத்தில் எதற்காக என்று எழுத ஒன்றும் கிடைக்காது. ‘டெஸ்ட்2’ என்ற பெயரில் ஏழெட்டு ஆண்டுகளாக இரவுதோறும் ஓடும் ஜாப்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை உடனே அழித்துவிடாமல் நிறுத்திவையுங்கள், குறைந்தது ஒரு முழு மாத முடிவாவது கடந்து போகட்டும், யாராவது வந்து கேட்கிறார்களா என்று பாருங்கள். அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை என்று அழிக்கப் போகும் முன், அது ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் வேலையா என்று மட்டும் சம்பளப் பிரிவில் விசாரித்துவிடுங்கள். தொழிலாளர்களுக்கு ஆண்டுச் சம்பள விவரம் காட்டும் இ.ஏ. படிவத்தைப் பிப்ரவரி முடிவதற்குள் கொடுக்க வேண்டும், அதைத் தயாரிக்கும் ஜாப் மற்றப் பதினொரு மாதமும் வேலையற்றதைப் போலத்தான் உட்கார்ந்திருக்கும்.